1963 அஞ்சல் இரயில் கொள்ளை: புகழ்பெற்றவரும் மறக்கப்பட்டவரும்

1963 ஆகஸ்டு 8 அதிகாலையில், கிளாஸ்கோவிலிருந்து இலண்டன் நோக்கிச் சென்ற அஞ்சல் இரயில் பக்கிங்காம்ஷயரில் கொள்ளையிடப்பட்டது. பச்சை விளக்கைக் கையுறையால் மறைத்து, மின்கலத்தால் சிவப்பு விளக்கை எரியச்செய்து வண்டியை நிறுத்திய கும்பல், ஏறத்தாழ 26 இலட்சம் பவுண்டைக் கைப்பற்றியது. துப்பாக்கியின்மையும் திட்டத்தின் நுட்பமும் மக்களிடையே வியப்பைத் தூண்டின. 1964இல் பலருக்கு விதிக்கப்பட்ட 30 ஆண்டுச் சிறைத்தண்டனை அவ்வியப்பைப் பரிவாகவும் மாற்றியது.

இதற்கு ரோனி பிக்ஸ் தக்க சான்றாவார். மாற்று ஓட்டுநர் ஒருவரை அழைத்து வந்ததே கொள்ளையில் அவருடைய முதன்மைப் பணி. அந்த ஓட்டுநராலும் வண்டியை இயக்க இயலவில்லை. ஆயினும் 1965இல் சிறையிலிருந்து தப்பி, பிரேசிலில் நெடுங்காலம் வாழ்ந்து, 2001இல் நாடு திரும்பிய பிக்ஸே பெரும்புகழ் பெற்றார். அப்புகழ் கொள்ளையால் அன்று, தப்பியோட்டத்தால் விளைந்தது எனலாம்.

இப்புகழின் நிழலில் மறைந்தவர் வண்டியின் ஓட்டுநர் ஜாக் மில்ஸ். தலையில் தாக்கப்பட்ட அவரே, மாற்று ஓட்டுநர் பயன்படாமையால், குருதி வழிய வண்டியைப் பாலம்வரை செலுத்த வற்புறுத்தப்பட்டார். அவர் 1970இல் இறந்தார். வன்முறையற்ற கொள்ளை என்னும் கதை, மில்ஸை விலக்கினால் மட்டுமே நிலைபெறுகிறது.