பென்சனை உடைக்காதீர்கள்: ஆலைத் தொழிலாளரின் பத்து வருடக் கணக்கு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நம் தெருக்களில் இருந்து நூற்பாலைக்கும், பேண்டேஜ் துணித் தறிக்கும், நகராட்சித் தூய்மைப் பணிக்கும் தினமும் ஆட்கள் போகிறார்கள். பலருடைய சம்பளத்தில் பி.எப். பிடிக்கப்படுகிறது. ஆனால் அறுபது வயதில் பென்சன் வாங்குகிறவர்களைத் தேடினால் சிலரே தென்படுகிறார்கள். பிடித்த பணம் எங்கே போனது?

மகளின் சடங்கு, ஆஸ்பத்திரிச் செலவு, வட்டிக் கடன் என ஒவ்வொரு முறையும் ஓர் அவசரம் வருகிறது. ஒரு மில்லை விட்டு அடுத்த மில்லுக்குப் போகும்போது, "பி.எப்.-ஐ மொத்தமா எடுத்தாச்சு" என்கிறார்கள். அதோடு பென்சன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கணக்கு இதுதான். மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்றால், நம்மிடம் 12 சதவீதமாக 1,440 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளியும் அதே அளவு கட்ட வேண்டும். முதலாளியின் பங்கில் 8.33 சதவீதம், அதாவது சுமார் 1,000 ரூபாய், 1995-ஆம் ஆண்டுப் பென்சன் திட்டத்துக்குப் போகிறது. மீதி நம் பி.எப். கணக்கில் சேர்கிறது. அதற்கு 2024-25-இல் 8.25 சதவீத வட்டி கிடைத்தது.

பென்சனுக்கு மொத்தம் பத்து வருட சர்வீஸ் வேண்டும். அது ஒரே மில்லில் இருக்க வேண்டியதில்லை. யு.ஏ.என். எண் ஒன்றாக இருந்து, பழைய கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டால் நான்கு மில்லின் சர்வீஸும் கூடும். 58 வயதில், கடைசி ஐந்து வருடச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். அந்தச் சராசரி 12,000, சர்வீஸ் 15 வருடம் என்றால் மாதம் சுமார் 2,571 ரூபாய். தொழிலாளி இறந்தால் மனைவிக்கும் பென்சன் உண்டு. பத்து வருடத்துக்கு முன் பென்சன் பணத்தை எடுத்தால், அதுவரை உழைத்த சர்வீஸ் அழிந்துவிடும். வேலை இல்லாத காலத்தில் 'ஸ்கீம் சர்டிபிகேட்' வாங்கி வைத்தால் அழியாது.

வரியும் இதில் இருக்கிறது. தொடர்ந்து ஐந்து வருடம் ஆகும் முன் 50,000 ரூபாய்க்கு மேல் பி.எப். எடுத்தால், பான் எண் இருந்தாலும் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். ஐந்து வருடம் கடந்து எடுத்தால் வரி இல்லை. முடிந்தவர்கள் 12 சதவீதத்துக்கு மேலும் விருப்பப்பட்டுப் பிடிக்கச் சொல்லலாம். அதற்கும் அதே வட்டிதான். நம் வீட்டில் முதல் தலைமுறையாக அரசு வேலைக்குப் போனவர்கள் பழைய வரிமுறையில் இருந்தால், பி.எப். போன்ற சேமிப்புக்கு 1.5 லட்சம் வரையும், என்.பி.எஸ்.-இல் தனியாகக் கட்டும் 50,000 வரையும் வரிக் கழிவு கேட்கலாம். புதிய வரிமுறையில் இந்த இரண்டும் கிடையாது. எது லாபம் என்று போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. சம்பளத்தில் பிடிக்கிற ஒப்பந்ததாரர் அதைக் கட்டினாரா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். கட்டாமல் விடுவது குற்றம். அப்படி விட்டால், வேலை கொடுத்த முதன்மை நிறுவனமும் பொறுப்பு. பதிவு செய்த செல்போனில் இருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியாக வரும். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எப். குறைதீர் முகாம் நடக்கிறது. சம்பளச் சீட்டோடு போய் எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

பி.எப். இல்லாத வயல் கூலிக்கும், செங்கல் சூளைக்கும், கட்டட வேலைக்கும் அடல் பென்சன் இருக்கிறது. 18 முதல் 40 வயதுக்குள், வருமான வரி கட்டாதவர்கள் வங்கியிலோ தபால் நிலையத்திலோ சேரலாம். 60 வயதில் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேருபவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேருபவர் 1,454 ரூபாய் கட்ட வேண்டும்.

நிலம் உள்ள வீட்டில் முதுமைக்கு நிலம் இருக்கும். நம்மில் பெரும்பாலோருக்கு அது இல்லை. அரசின் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய்தான். ஆகவே உழைப்பில் பிடித்த பணம்தான் நம் நிலம்.

கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகளே! இன்று இரவு அப்பா, அம்மாவின் யு.ஏ.என். எண்ணைக் கேளுங்கள். பெயர், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்திருக்கிறதா, வாரிசு பெயர் பதிந்திருக்கிறதா, எத்தனை மாதப் பணம் ஏறியிருக்கிறது என்று பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். உங்களைப் படிக்க வைத்தவர்களின் கணக்கை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள்.