முதலில் நம்மிடம் கொஞ்சம் கனிவு

ஜவ்வாது மலையிலிருந்து பெற்றோர் வேலை தேடி வெளியூர் செல்லும்போது, பிள்ளைகள் சிலர் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்குகிறார்கள். சிலர் உடன் சென்று, பல நாள் கழித்தே வகுப்புக்குத் திரும்புகிறார்கள். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை, ‘எனக்கு வராது’ என்கிறது. ‘நான் சரியாகக் கற்பிக்கவில்லையோ’ என்று ஆசிரியரும் தம்மையே நொந்துகொள்கிறார்.

உளவியல் அறிஞர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் தன்கனிவுக்கு மூன்று கூறுகளைக் குறிப்பிட்டார்: தன்னிடம் அன்பாக இருத்தல், இடர் எல்லோருக்கும் உண்டு என உணர்தல், மனநிலையை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் கவனித்தல். இது சாக்குச் சொல்வது அன்று. திட்டுக்கு அஞ்சும் மனம் தவறை மறைக்கும். கனிவைப் பெற்ற மனம் அதைத் திருத்தும்.

வகுப்பில் 2 நிமிடம் ஒதுக்குங்கள். கண்ணை மூடக் கட்டாயமில்லை. வெளியே கேட்கும் மூன்று ஒலிகளைப் பிள்ளைகள் கவனிக்கட்டும். பிறகு, ‘இதே தவறை உன் நண்பன் செய்தால் என்ன சொல்வாய்?’ என்று கேளுங்கள். அந்தப் பதிலைத் தனக்கே சொல்லிக்கொள்ளட்டும். ‘வராது’ என்பதை ‘இன்னும் வரவில்லை’ என மாற்றிச் சொல்லப் பழக்குங்கள். கரும்பலகையில் நாம் பிழையாக எழுதினால், ‘திருத்திக்கொள்கிறேன்’ என்று இயல்பாகச் சொல்வோம். பிள்ளைகள் நம்மைப் பார்த்தே கற்கிறார்கள்.

மாலையில் நம்மையே கேட்போம்: இன்று என் கையில் இருந்தது எது, இல்லாதது எது? குடும்பத்தின் இடப்பெயர்வு நம் கையில் இல்லை. திரும்பி வந்த பிள்ளையை, ‘ஏன் வரல?’ என்று கடியாமல், ‘வா, இங்கிருந்து தொடங்கலாம்’ என்று அழைப்பது நம் கையில் இருக்கிறது.

அமைதிப் பயிற்சி எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. பிள்ளையிடம் அச்சமோ துன்புறுத்தலின் அடையாளமோ தெரிந்தால், உடனே தலைமையாசிரியரிடம் தெரிவித்து 1098 அல்லது 14417 எண்ணை அழையுங்கள்.