பெட்டிக்குள் கசங்காத உடை



புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலே திருவிழாக் காலத்தில் நின்று பார்த்தால், நயினாதீவுக்குப் படகேறுவோர் பெட்டியும் பையுமாகக் காத்திருப்பதைக் காணலாம். நாகபூஷணி அம்மன் சந்நிதியில் உடுப்பதற்கென வீட்டிலே அழகாக அழுத்தி வைத்த வேட்டியும் சேலையும் அக்கரை சேருமுன்னரே கசங்கிவிடுகின்றன. இதற்குக் காரணம் யாது?

பருத்தி நூலினுள்ளே இழையின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. ஈரமும் வெப்பமும் அப்பிடியை நெகிழ்த்தும். நெகிழ்ந்த வேளையில் துணி எவ்வாறு அமுங்கிக் கிடக்கின்றதோ, அவ்வாறே உலரும்போது பிடி மீண்டும் இறுகும். இஸ்திரிக்கைப் பெட்டி செய்யும் வேலையும் இதுதான். பிரயாணப் பெட்டி செய்யும் வேலையும் இதுதான். முன்னது நம் விருப்பப்படி செய்கிறது, பின்னது தன் விருப்பப்படி! தீவகத்தின் கடற்காற்றிலோ ஈரத்துக்குக் குறைவில்லை. 1941 இல் பிரித்தானியாவில் வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இருவர் கண்ட பொலியெஸ்டர் இழை நீரை மிகச் சிறிதே ஏற்பதால் அவ்வளவாகக் கசங்குவதில்லை. ஆயினும் நம் வெயிலுக்குப் பருத்தியின் சுகம் அதிலே கிடையாது.

ஆதலின், சூடாறாத உடையை ஒருபோதும் மடித்தல் ஆகாது. அழுத்தியபின் கொடியிலே சிறிது நேரம் ஆறவிடுதல் வேண்டும். பின்னர் நீண்ட உடைகளைப் பெட்டியின் அடியில் விரித்து, அவற்றின் முனைகளை வெளியே தொங்கவிடுக. நடுவிலே துவாய், உள்ளாடை முதலியவற்றை வைத்து, தொங்கும் முனைகளை அவற்றின்மீது மாறிமாறிப் போர்த்துக. மடிப்பு வளைவாக அமையுமேயன்றிக் கூராக அமையாது. பாதணிகளும் புத்தகங்களும் பெட்டியை நிமிர்த்தும்போது கீழே வரும் பக்கத்தில் இருக்கட்டும். இடம் வெறிதாக இருந்தால் உள்ளிருப்பவை சரிந்து கசங்கும். திணித்து நிறைத்தாலோ நசுங்கும்.

கூறைச்சேலைக்குத் தனிக் கவனம் தேவை. சரிகை ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் அவ்விடத்திலே முறியும். அச்சு மையில்லாத வெள்ளைக் கடுதாசியை இடையிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுதல் நன்று. வெளிநாடுகளிலிருந்து திருமணத்துக்கென ஊருக்கு வருவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

எங்கள் பிள்ளைகள் நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்பு செல்வதுண்டு. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்று, 2014 இல் மீண்டும் வந்தது. அந்நெடும் பயணத்திலே பலரிடம் இருப்பது ஒரேயொரு நல்ல வெள்ளைச் சட்டை. அதனை அணிந்துகொண்டு புகையிரதம் ஏறுவது தவறு. தெறிகளைப் பூட்டி, கழுத்துப்பட்டியினுள் சுருட்டிய காலுறையை வைத்து, முதுகுப்புறம் துவாயை விரித்து, கைகளைப் பின்னே மடித்துத் தளர்வாகச் சுருட்டுக. போய்ச் சேர்ந்ததும் உணவுக்கு முன்னரே பெட்டியைத் திறந்து சட்டையைத் தொங்கவிடுதல் வேண்டும். தங்குமிடத்தில் இஸ்திரிக்கைப் பெட்டி இல்லையாயின், கையைத் தண்ணீரில் நனைத்துச் சுருக்கங்களை நீவி இரவிலே காற்றில் விட்டால், விடியுமுன் பெரும்பாலும் நேராகிவிடும்.