நோய் குருதியிலா, குடியிருப்பிலா?

"இது நம் இனத்திற்கே உரிய நோய், பிறக்கும்போதே எழுதிவைத்த எழுத்து." தோட்டங்களுக்குச் செல்லும் போதெல்லாம் இச்சொற்களை நாம் கேட்கிறோம். பிள்ளை வெளிறிப் போனாலும், நடுத்தர வயதில் இனிப்பு நீர் கண்டாலும், இருமல் மாதக்கணக்கில் நீடித்தாலும் பழி இரத்தத்தின் மேலும் தலையெழுத்தின் மேலும் விழுகிறது.

இவ்வெண்ணம் தீங்கற்றதன்று. தலையெழுத்து என நம்புகிறவர் காலத்தோடு மருந்தகம் செல்வதில்லை. ஒழுகும் கூரையையும் அடைபட்ட கால்வாயையும் பற்றி முறையிடுவதுமில்லை. ஆகவே, நோய் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அதற்கான விடை நம் தோட்டங்களின் வரலாற்றிலேயே இருக்கிறது.

மலேரியா கற்பித்த பாடம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காட்டை அழித்து ரப்பர் பயிரிட்டபோது, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். ஊரிலிருந்து வரும்போதே அவர்கள் நலிந்த உடலினராய் வந்தார்கள் என்று தோட்ட உரிமையாளர் பலர் காரணம் கூறினர். குறை மனிதரிடத்தில் உள்ளது, அவரைக் குடிவைத்த இடத்தில் இல்லை என்பதே அவர்களின் வாதம்.

1897இல் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதைச் சிக்கந்தராபாத்தில் கண்டறிந்தார். 1901இல் கிள்ளானில் அரசாங்க மருத்துவராகப் பணியாற்றிய மால்கம் வாட்சன் அவ்வறிவைச் செயலில் காட்டினார். சதுப்பு நிலத்து நீர் வடிக்கப்பட்டது, புதர்கள் அகற்றப்பட்டன. கிள்ளான் நகரிலும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காய்ச்சல் விரைந்து தணிந்தது.

பின்னர் அவர் தோட்டங்களை ஆராய்ந்தார். கடலோரச் சமநிலங்களில், காட்டு நிழலில் தேங்கிய நீரில் ஒருவகைக் கொசு பெருகியது. காட்டை வெட்டி நீரை வடித்ததும் அது மறைந்தது. மலைப்பாங்கான தோட்டங்களிலோ நிலைமை வேறு. அங்கு வெயில் படும் தெளிந்த ஓடைகளில் மற்றொரு வகைக் கொசு வளர்ந்தது. காட்டை வெட்டியதே அதற்கு வாய்ப்பாயிற்று. அவ்விடங்களில் ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தவும், நீரின்மேல் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியிருந்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஒரே ஊரிலிருந்து, ஒரே கப்பலில் வந்த தமிழர்களில், கொசு ஒழிக்கப்பட்ட தோட்டத்திற்குச் சென்றவர் நலமாய் இருந்தனர். கொசு பெருகிய தோட்டத்திற்குச் சென்றவர் மாண்டனர். அவர்களின் குருதியில் வேறுபாடில்லை. வேறுபாடு நிலத்திலும் நீரிலும் நிர்வாகத்திலும் இருந்தது.

இனப் பாகுபாடு நுழைந்த வழி

துரையின் பங்களா பெரும்பாலும் காற்றோட்டமான மேட்டில் அமைந்தது. தொழிலாளரின் லயங்களோ பல தோட்டங்களில் பள்ளத்தில், ஓடைக்கு அருகில் அமைந்தன. கோலாலம்பூரில் ஐரோப்பியருக்கெனத் தனி மருத்துவமனை இருந்தது. கூலியும் இனம் பார்த்தே வழங்கப்பட்டது. இந்தியத் தொழிலாளிக்குச் சீனத் தொழிலாளியினும் குறைவு. பெண்ணுக்கு ஆணினும் குறைவு. 1920களின் இறுதியில், போக்குவரத்து எளிதான பகுதிகளில் இந்திய ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும், பெண்ணுக்கு 40 காசும் கூலியாக விதிக்கப்பட்டன. கூலி குறைந்தால் உணவு குறையும். உணவு குறைந்தால் நோயை எதிர்க்கும் வலிமையும் குறையும்.

கொக்கிப்புழுவை எடுத்துக்கொள்வோம். மலக்கூடம் இல்லாத இடத்தில் இப்புழுவின் குஞ்சுகள் மண்ணில் வளர்கின்றன. வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சுகின்றன. அதனால் இரத்தம் குறைந்து உடல் சோர்கிறது. அச்சோர்வைக் கண்டு "இவ்வினத்தாரே சோம்பேறிகள்" என்று பழித்தவர் உண்டு. மலக்கூடம் கட்டாதவரின் குற்றம் இவ்வாறு நோயாளியின் குணமாக மாற்றி எழுதப்பட்டது. பாகுபாடு உடலை மட்டும் வருத்துவதில்லை. பழியையும் பாதிக்கப்பட்டவர் மேலேயே சுமத்துகிறது.

விடுதலைக்குப் பின்

1957இல் நாடு விடுதலை பெற்ற பின்னர், கிராமங்கள் தோறும் சுகாதார நிலையங்கள் எழுந்தன. ஆயினும் தோட்டங்கள் தனியார் நிலமாய் இருந்தமையால், கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் பலவும் தோட்ட எல்லையோடு நின்றுவிட்டன. இதை நாம் மறைப்பதற்கில்லை.

சட்டங்களும் படிப்படியாகவே வந்தன. 1966இல் தொழிலாளரின் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1990இல் அதனினும் விரிந்த 446ஆம் சட்டம் வந்தது. குடியிருப்புகளுக்குக் கட்டணமின்றிக் குழாய் நீர் வழங்குவதும், போதிய மின்சார வசதி செய்வதும், வீடுகளைப் பழுது பார்ப்பதும் முதலாளியின் கடமை என அது கூறுகிறது. 2019இல் திருத்தப்பட்ட இச்சட்டம், 2020 ஜூன் 1 முதல் தோட்டம், சுரங்கம் மட்டுமின்றிப் பிற தொழில்களுக்கும் விரிந்தது.

அதன் தேவையை அதே ஆண்டில் நம் அண்டை நாடான சிங்கப்பூர் காட்டியது. அங்கு 2020 இறுதிக்குள் கோவிட் தொற்றியோர் 58,000க்கு மேல். அவர்களுள் 54,000க்கு மேற்பட்டோர் அயல்நாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் வாழ்ந்தவர். ஓர் அறையில் பலர் படுத்து, ஒரே சமையற்கட்டையும் குளியலறையையும் பகிர்ந்தனர். நோய் இனம் பார்த்துத் தொற்றவில்லை. அறை பார்த்துத் தொற்றியது. இன்று நம் லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வாழ்கின்றனர். அன்று நம் பாட்டன்மார்க்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேரலாம். "அவர்கள் அப்படித்தான்" என்று நாம் சொல்லத் தொடங்கினால், அன்று நம்மைப் பழித்தவர் சொல்லையே நாமும் சொல்கிறோம்.

இனிப்பு நீர் எதனால்?

நம் நாட்டில் இந்தியரிடையே இனிப்பு நீர் மிகுதி என்பது உண்மை. பரம்பரைக்கும் அதில் பங்குண்டு. ஆனால் இந்தியாவில் கிராமத்தாரைவிட நகரத்தாரிடமே இந்நோய் அதிகம். அங்கும் இனம் ஒன்றே. உணவும் உழைப்பும் வேறு. பரம்பரை வித்து என்றால், வாழ்க்கை முறை நிலமாகும். சீனி மிகுந்த தேநீரும், வெள்ளைச் சோறும், காய்கறி குறைந்த உணவும் அந்நிலத்திற்கு உரமிடுகின்றன.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது: நாற்பது வயதைக் கடந்தோர் ஆண்டுதோறும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அரசாங்க மருந்தகத்தில் குடிமக்களுக்குப் பொது மருத்துவக் கட்டணம் 1 வெள்ளியே. இரண்டாவது: இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ச் சோதனை செய்துகொள்ளுங்கள். மூன்றாவது: பிள்ளைகள் காலணியின்றி வெளியே செல்ல விடாதீர்கள். நான்காவது: கூரை ஒழுகினாலும், கால்வாய் அடைபட்டாலும், குழாயில் நீர் வராவிட்டாலும் நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்து, அதன் படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பயன் இல்லையேல் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ நாடுங்கள். அது சலுகை கேட்பதன்று. சட்டம் வழங்கிய உரிமையைக் கேட்பதாகும்.

குருதியை நாம் மாற்ற இயலாது. குடியிருப்பையும் உணவையும் மாற்ற இயலும். நம் முன்னோர் பலர் தலையெழுத்தால் மாளவில்லை. வடிக்காத நீரால் மாண்டனர். இதை நம் பிள்ளைகளும் அறியுமாறு செய்வோம்.