ஒரு மீற்றர், மூன்று அடுப்பு

நமது விவசாய மக்களுக்குத் தண்ணீரை அளக்கத் தெரியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. வெங்காயத்துக்கு எத்தனை மணித்தியாலம் மிசின் ஓட வேண்டும், அதற்கு எத்தனை போத்தல் மண்ணெண்ணெய் தேவை என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். 1990களில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தட்டுப்பாடாகி, பலர் துலாவுக்குத் திரும்பிய நாட்களில் அந்தக் கணக்கு இன்னும் கூர்மையாயிற்று. ஆனால் இடம்பெயர்ந்து வந்து, உறவினர் வளவில் ஒதுங்கியிருந்து, படலையோரத்தில் உள்ள ஒரு சின்ன மீற்றருக்கு முன்னால் நிற்கும்போது அதே மக்கள் திகைத்துப் போகிறார்கள்.

2019 வைகாசியில் வவுனியா நகரை ஒட்டிய ஒரு வளவுக்குப் போயிருந்தேன். முன்வீட்டில் ஒரு வயதான அம்மா, மகள், பேரன். பின்வளவில் தகரமும் தறப்பாளுமாக இரண்டு கொட்டில்கள். அவற்றில் அந்த அம்மாவின் தம்பி பிள்ளைகளின் இரு குடும்பங்கள், ஒன்றில் ஐவர், மற்றதில் நால்வர். முல்லைத்தீவுப் பக்கத்துக் காணி விடுபடாததால் திரும்பிப் போக முடியாதவர்கள். தண்ணீர் இணைப்பு முன்வீட்டின் பெயரில் இருந்தது.

"கிணறு வத்துற நாளிலை பவுசருக்குக் குடுக்கிற காசு மிஞ்சும் எண்டுதான் சுவாமி மீற்றர் வைச்சனாங்கள். இப்ப பாருங்கோ" என்று அம்மா பில்லை நீட்டினார். 30 அலகு, வரி நீங்கலாக 1370 ரூபா. மகள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவரது பார்வை பின்வளவை நோக்கியே இருந்தது. பின்வீட்டு இளந்தாய் இரண்டு கிழமையாகக் குழாயடிக்கே வருவதில்லையாம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீதிக்கு அப்பால் ஒரு வீட்டுக் கிணற்றில் அள்ளி வருகிறாள். போரிலும் பிரியாத ஒரு குடும்பம் ஒரு கடதாசித் துண்டால் பிரிந்துகொண்டிருந்தது.

உண்மையில் எவரும் தண்ணீரை வீணாக்கவில்லை. பன்னிரண்டு பேருக்கு மாதம் 30 அலகு என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 83 லீற்றர், அதாவது நான்கு வாளி. (ஒரு அலகு என்பது 1000 லீற்றர், 20 லீற்றர் வாளியால் 50 வாளி.) குளிப்பு, துவைப்பு, சமையல், மலசலகூடம் எல்லாவற்றுக்கும் அது அதிகமே அல்ல. அப்படியானால் பில் ஏன் ஏறிற்று?

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கட்டணம் படிக்கட்டுப் போன்றது. 2012 ஒக்டோபரில் வந்த வீதம் அப்போது நடைமுறையில் இருந்தது. சாதாரண வீடுகளுக்கு முதல் 5 அலகும் 12 ரூபாப்படி, அடுத்த ஐந்து 16, அதற்கடுத்த ஐந்து 20, பிறகு 40, பிறகு 58, 26 முதல் 30 வரை 88 ரூபா. இதற்கு மேலாக மாதக் கட்டணம் ஒன்று உண்டு. அதுவும் பாவனையோடு சேர்ந்து ஏறும். 10 அலகுக்கு 65 ரூபா, 30 அலகுக்கு 200 ரூபா. அந்த அம்மாவின் பேரனின் கொப்பியை வாங்கி, திண்ணையில் இருந்து கணக்குப் பார்த்தோம். மூன்று வீட்டுக்கும் மூன்று மீற்றர் இருந்து, வீட்டுக்குப் பத்து அலகு போயிருந்தால், ஒரு வீட்டுக்கு 140 ரூபாவும் மாதக் கட்டணம் 65 ரூபாவுமாக 205 ரூபா. மூன்றுக்கும் 615. அதே தண்ணீர் ஒரே மீற்றரால் போனதால் 1370. எஞ்சிய 755 ரூபா எவருடைய ஊதாரித்தனத்துக்குமான தண்டம் அல்ல, ஒரே வளவில் கூடியிருந்ததற்கான விலை. மகள் கொப்பியைத் தானே வாங்கி மறுபடி கூட்டிப் பார்த்தார்.

2022 இலும் 2023 இலும் வீதங்கள் கூட்டப்பட்டன, 2024 இல் சற்றுக் குறைக்கப்பட்டன. ஆகவே மேலே சொன்ன ரூபாக் கணக்கை இன்றைக்கு எடுக்க வேண்டாம். படிக்கட்டு அப்படியே இருக்கிறது. உங்கள் கடைசிப் பில்லை வைத்து இதே விதமாகக் கணக்கிடுங்கள்.

லண்டனில் உள்ள உறவினர் சிலர், "மீற்றர் போட்டால் மிச்சம்" என்று தொலைபேசியில் சொல்வதுண்டு. அது அங்கே பலருக்குச் சரி. இங்கிலாந்தில் மீற்றர் இல்லாத வீடுகள் பலவற்றில் எவ்வளவு பாவித்தாலும், 1990 இல் ஒழிக்கப்பட்ட பழைய வீட்டு வரியின் மதிப்பீட்டின்படியே தண்ணீர்க் காசு. பெரிய வீட்டில் இரண்டு பேர் இருந்தால் மீற்றர் இலாபந்தான். படுக்கை அறைகளைவிட ஆட்கள் குறைவா என்று எண்ணிப் பார்க்கும்படி அங்கே ஆலோசனை சொல்வார்கள். நமது கொட்டில்களில் அந்தக் கேள்விக்கே இடமில்லை!

அன்று மாலை இன்னொரு வேலையும் செய்தோம். இரவு எல்லோரும் படுக்கப் போகுமுன் மீற்றரில் உள்ள இலக்கங்களை, சிவப்பு இலக்கங்களையும் சேர்த்து எழுதிவைத்து, விடியும்வரை ஒரு குழாயும் திறக்காமல் இருக்கச் சொன்னேன். காலையில் இலக்கம் மாறியிருந்தது. தேடியபோது முன்வீட்டு மலசலகூடத் தொட்டியில் ஓயாத கசிவு. பத்து நிமிடத்தில் ஒரு லீற்றர்ப் போத்தல் நிரம்பியது. பார்வைக்கு அற்பம். நாளைக்கு 144 லீற்றர், மாதத்துக்கு நாலு அலகுக்கு மேல், அதுவும் 88 ரூபாப் படியில். முன்வீட்டிலேயே ஒழுக்கு இருந்ததை அறிந்ததும் மகள் எழுந்து, பின்வீட்டுப் பிள்ளையைத் தேநீருக்குக் கூப்பிட்டார். நான் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இனித் தனித்தனி மீற்றர் எடுப்பதா என்ற கேள்வி. இதில் அவசரப்பட வேண்டாம். ஒரே வளவில் இன்னொரு இணைப்புத் தருவார்களா, முழுச் செலவு எவ்வளவு என்பதைச் சபையின் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குழாய், தோண்டு கூலி எல்லாவற்றையும் சேர்த்து, அந்தத் தொகையை மாத மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்குச் செலவு 40,000 ரூபா, மாத மிச்சம் 1000 ரூபா என்றால் போட்ட காசு திரும்ப 40 மாதம், மூன்று வருடமும் நாலு மாதமும். அத்தனை காலம் இந்த வளவில் இருப்போமா? சொந்தக் காணி நாளை விடுபட்டால் அந்தக் குழாயைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. பின்வீட்டு மூத்தவர் இதைக் கேட்டு வெகுநேரம் பேசாதிருந்தார். "மீற்றர் வைச்சால் நாங்கள் இனிப் போகமாட்டம் எண்டு ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும், சுவாமி" என்றார் கடைசியில். அது கணக்கில் வராத செலவு. எனினும் நான் அதை ஒதுக்கிவிட மாட்டேன்.

அவர்கள் புதிய இணைப்பு எடுக்கவில்லை. தொட்டியின் ஒழுக்கைத் திருத்தினார்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கும்வரை குளிப்பும் துவைப்பும் கிணற்றடியில், கத்தரியும் பயிற்றையும் அந்தக் கழிவுநீரில். குடிக்க, சமைக்க, மலசலகூடத்துக்கு மட்டும் குழாய்த் தண்ணீர். பில்லை வீட்டுக்கணக்கில் மூன்றாகப் பிரிக்காமல் தலைக்கணக்கில் பிரிப்பதென்று அம்மாவே முடிவு சொன்னார். மூவர் இருக்கும் தன் வீடும் ஐவர் இருக்கும் வீடும் ஒரே காசு கட்டுவதைப் பின்வீட்டார் தாங்களே ஏற்றிருக்கமாட்டார்கள்.

அடுத்த பில் 19 அலகு, 480 ரூபா. ஆளுக்கு 40. புரட்டாதியில் கிணறு அடிமட்டத்துக்குப் போக, குளிப்பு மறுபடி குழாய்க்கு வந்து 24 அலகு, 772 ரூபா ஆயிற்று. அந்த மாதம் சண்டை வரவில்லை. பேரன் மீற்றர் இலக்கத்தை ஞாயிறுதோறும் கொப்பியில் எழுதிவந்ததால், பில் வருமுன்பே எல்லோருக்கும் தொகை தெரிந்திருந்தது.