அலையில் சறுக்கும் கோவளம்

குழந்தைகளே! கோவளம் என்றதும் உங்களுக்கு எந்த ஊர் நினைவுக்கு வருகிறது? நம் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் ஒரு கோவளம் இருக்கிறது. திருவனந்தபுரம் அருகே இன்னொன்று. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் மூன்றாவது கோவளம். இன்று நாம் போகப்போவது அந்த மூன்றாவது ஊருக்கு.

சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள இந்த மீனவ கிராமம், அலைச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர் பெற்றது. 'சர்ஃபிங்' என்கிறார்களே, அதுதான். நீண்ட பலகையில் குப்புறப் படுத்து, கைகளால் துழாவிக்கொண்டு கடலுக்குள் செல்ல வேண்டும். நல்ல அலை வந்ததும் சட்டென்று எழுந்து நின்று, கரையை நோக்கிச் சறுக்கி வர வேண்டும்!

இதை அங்கே பரப்பியவர் மூர்த்தி மேகவன் என்ற மீனவர். தொடக்கத்தில் அவரிடம் சர்ஃபிங் பலகை இல்லை. சாதாரண மரப்பலகையில்தான் அலையேறிப் பார்த்தார். பிறகு நண்பர்களின் துணையோடு பயிற்சிப் பள்ளி தொடங்கி, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்தார். 2013-ல் அலைச்சறுக்கு விழாவும் நடந்தது. சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். 2021-ல் தூய்மையான கடற்கரைக்கான 'நீலக்கொடி' சான்றும் இவ்வூருக்குக் கிடைத்தது.

மீனவர் பிள்ளைகளுக்கு இது கைவந்ததில் வியப்பில்லை. கட்டுமரத்தில் அலையைத் தாண்டிய பரம்பரை அல்லவா! நம் 'கட்டுமரம்' என்ற சொல்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது.

சரி, அலை எங்கிருந்து வருகிறது? நடுக்கடலில் வீசும் பலத்த காற்று நீரை அலையாக எழுப்புகிறது. அது பல நூறு கி.மீ. பயணம் செய்து கரையை நெருங்கும்போது, ஆழம் குறைவதால் அடிப்பகுதியின் வேகம் குறைகிறது. மேல்பகுதி முந்திக்கொண்டு சுருண்டு உடைகிறது. சறுக்குபவர்கள் காத்திருப்பது இந்த நேரத்துக்குத்தான்.

தெற்கே வெகுதொலைவில் எழும் பேரலைகள் சில நாட்களில் நம் கரைக்கும் வந்துவிடும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது. ஆனால் கடல் திடீரெனப் பொங்கும். திருடனைப் போல வருவதால் மீனவர்கள் இதைக் 'கள்ளக்கடல்' என்பார்கள். 2024 மே மாதம் இத்தகைய எச்சரிக்கை இருந்த நாட்களில், நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி மருத்துவ மாணவர்கள் 5 பேர் உயிரிழந்தனர்.

அலைச்சறுக்கு வீரர்கள் பலகையைக் காலோடு கயிற்றால் பிணைத்திருப்பார்கள். கடலைப் பார்த்து, நிலைமை தெரிந்த பிறகே இறங்குவார்கள். நீங்களும் பெரியவர்கள் துணையின்றிக் கடலில் இறங்காதீர்கள். "இன்றைக்குக் கடல் சரியில்லை, மக்களே" என்று ஒரு மீனவத் தாத்தா சொன்னால், அன்று கரையிலேயே மணல்வீடு கட்டி விளையாடுங்கள். அலை நாளைக்கும் வரும்!