வரப்புப் பூவும் காவல் நாயும்: மாடு இரை எடுக்காவிட்டால் வாயில் கை விடாதீர்கள்!

பங்குனி பிறந்துவிட்டால் திருக்கோவிலூர் சுற்றுவட்டாரத்தில் ஆவாரையும் புங்கையும் வேம்பும் பூத்துக் குலுங்கும். சித்திரையில் சரக்கொன்றையும் சேர்ந்துகொள்ளும். தேனீக்களுக்கு இது விருந்துக் காலம். மாட்டுக்கோ தட்டுப்பாட்டுக் காலம். மேய்ச்சல் தரை காய்ந்து கிடக்க, பச்சையாகத் தெரியும் செடியிலெல்லாம் அது வாய் வைக்கும்.

இந்தச் சமயத்தில் மாடு இரை எடுக்காமல் எச்சில் ஒழுக நின்றால், 'தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது' என்று பலர் வாயில் கை விட்டுப் பார்க்கிறார்கள். இது உயிருக்கே ஆபத்தான பழக்கம். நச்சுச் செடி மட்டுமல்ல, வெறிநோயும் இதே அறிகுறியைக் காட்டும்.

எந்தப் பூவில் நஞ்சு?

கல்வராயன் மலையடிவாரத்திலும் வேலியோரங்களிலும் கொத்துக்கொத்தாகப் பூக்கும் உண்ணிச்செடியைத் தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெடும். இரை எடுக்காது, சாணம் இறுகும், கண் மஞ்சளாகும். வெயில் பட்டால் தோல் வெந்து உரியும். உடனே நிழலில் கட்டி, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

அரளி இன்னும் கொடியது. சில இலைகளே இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். காய்ந்த இலையிலும் நஞ்சு குறையாது. வேலியில் கழித்த அரளிக் கிளையை மாடு எட்டும் இடத்தில் போடவே கூடாது.

நாய் கடித்த மாடு

பட்டியைக் காக்கும் நாய், இரவில் நரியோடும் தெருநாயோடும் மல்லுக்கட்டும். அங்கே கடிபட்டால் வெறிநோய் பட்டிக்குள் வந்துவிடும். கடிபட்ட மாட்டுக்கு நோய் தெரிய பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் ஆகும். அதற்குள் கடித்த சேதியே மறந்துபோயிருக்கும். குரல் மாறிக் கத்துதல், விழுங்க முடியாமை, எச்சில் வடிதல், நடை தள்ளாடுதல் ஆகியவை அறிகுறிகள். அறிகுறி தெரிந்தபின் மருந்து இல்லை.

கடித்தவுடன் செய்ய வேண்டியவை:

* கையுறை அணிந்து, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு தடவாதீர்கள்.
* அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் தடுப்பூசி போடுவது வழக்கம். ஒன்றையும் விடக் கூடாது.
* சந்தேகமான மாட்டின் பாலைக் கறக்கவோ குடிக்கவோ வேண்டாம். அதன் எச்சில் கைக்காயத்தில் பட்டவர்களும், பச்சைப் பால் குடித்தவர்களும் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நாய்க்கு ஊசி, பட்டிக்குக் காவல்

நாட்டு நாயோ கோம்பையோ, 3 மாத வயதில் முதல் ஊசி போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் தொடர வேண்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அந்தச் சமயத்தில் பல ஊர்களில் இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அவசரத்துக்கு 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

பட்டியில் ஒரு நாய்க்கு ஊசி போட ஆகும் செலவு, ஒரு கறவை மாட்டின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.